கடைசி வால்வு

“பெரியவரே, காத்து பிரிஞ்சுதா?”

அந்த நர்ஸ் கேட்டால் வார்டில் இருக்கிற எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும். மைதானத்தில் விசில் ஊத வேண்டியவர், வழி தவறி ஊசி போட வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். கேள்வி என் மாமனாருக்கு. மூக்கில் செருகியிருந்த குழாய் ஆடாதபடி அவர் மெல்லத் தலையை இல்லை என்று அசைப்பார். நான் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் மடி நிறைய விடைத்தாள்களை வைத்துக்கொண்டு, காதே கேட்காதவள் போலச் சிவப்புப் பேனாவால் எதையாவது சுழித்துக்கொண்டிருப்பேன். மருமகளை வைத்துக்கொண்டு மாமனாரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு பதில் வராதா என்றுதான் நாங்கள் எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மாமா பிளம்பர். ஓய்வு பெற்றவர் என்று சொல்ல முடியாது. கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். போன வாரம் யார் வீட்டுத் தொட்டிக்கு அடியிலோ படுத்து வேலை பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, பெருங்குடல் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டது என்றார்கள். ரத்த ஓட்டம் நின்றுபோன துண்டை அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மாமா எனக்கு விளக்கம் சொன்னார். “ஹோஸ் முறுக்கிக்கிட்டா தண்ணி வராதுல்ல டீச்சர், அதுதான் விஷயம்.” நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். மனிதனின் செரிமான மண்டலம் என்ற பாடத்தை வருஷம் தவறாமல் நடத்துகிறவள். எனக்கே பாடம்.

என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து டீச்சர்தான். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

குடலைக் கையால் தொட்டுவிட்டால் அது கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடுமாம். இது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை, ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னது. சிறுகுடல் சில மணி நேரத்தில் சமாதானமாகிவிடும். இரைப்பை ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். பெருங்குடல்தான் இரண்டு மூன்று நாள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்துவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு கடைசியாக எழுந்திருக்கும். எங்கள் வீட்டு ஆண்களின் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. அது எழுந்துவிட்டதற்கு அடையாளம் காற்று. காற்று பிரிந்துவிட்டால் மூக்குக் குழாயை எடுத்துவிடலாம், வாய் வழியாகத் தண்ணீர் கொடுக்கலாம், பிறகு மெல்ல மெல்லச் சாப்பாடு, பிறகு வீடு. பிரியாவிட்டால் ஒன்றும் கிடையாது.

மூன்று நாள் போயிற்று. நாலாவது நாளும் வந்தது. மாமாவின் வயிறு மட்டும் உப்பிக்கொண்டே இருந்தது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பள்ளிக்கூடம். மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு. அதைக் கொடுக்கும்போது தலைமையாசிரியை தன் சொத்தை எழுதிக் கொடுப்பது போல மூஞ்சியை வைத்துக்கொள்வார். இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்டு முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்து, துவைத்து, படுத்தால், கண்ணை மூடின மாதிரியே இருக்காது, விடிந்துவிடும். வெளியூரில் இருக்கிற நாத்தனார் போன் செய்வாள். “அண்ணி, ஏதாவது…?” என்று இழுப்பாள். காற்று என்ற வார்த்தையை அவளாலும் சொல்ல முடியாது. “இன்னும் இல்ல” என்பேன். “கடவுளே” என்று வைத்துவிடுவாள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும், சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். இரண்டாம் நாளோ என்னவோ, ஜன்னல் பக்கம் நின்று என் வீட்டுக்காரரிடம் போனில் கொட்டிவிட்டேன். “இன்னொரு தடவை இப்படின்னா என்னால முடியாதுங்க. சத்தியமா முடியாது. நானே பக்கத்துக் கட்டில்ல படுத்துடுவேன்.” சொன்னதும் கொஞ்சம் பாரம் குறைந்தது. மாமா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் மதியம் டாக்டர் என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டார். சின்ன வயது, ஆனால் கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே கறுத்திருந்தது.

“ஸ்டெத் வெச்சுக் கேட்டா உள்ள லேசா சத்தம் இருக்கு. ஆனா வெளிய எதுவும் வரல. வயிறும் ஏறிக்கிட்டே போகுது. அப்படின்னா எங்கயோ அடைச்சிருக்கணும், இல்ல தைச்ச இடத்துல ஏதோ ஆகியிருக்கணும். காலையில வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள காத்து பிரியலேன்னா ஒரு ஸ்கேன் எடுத்துட்டு, மறுபடி திறந்து பாக்கறதுதான் வழி. தியேட்டருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்.”

“மறுபடியுமா டாக்டர்?”

“அவர் வயசுக்கு ஒரு வாரத்துல ரெண்டாவது தடவை நல்லதில்லதான். உங்ககிட்ட மறைக்க விரும்பல.”

போனில் என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். கிரேனை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், “அப்பாகிட்ட சொல்லாத. பயந்துடுவாரு” என்றார். எங்கள் வீட்டு வழக்கம் அது. கெட்ட செய்தியை ஊரெல்லாம் பேசுவோம், அதற்குச் சொந்தக்காரரிடம் மட்டும் மூச்சு விடமாட்டோம். சரி என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

மாமா வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பதுதான் அதுவரை எல்லோருடைய கணிப்பும். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த லாரிக்காரர் தினமும் அவருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். “மேஸ்திரி, இங்க என்ன கூச்சம்? ஏர் பிரேக்கை ரிலீஸ் பண்ணாத்தான் வண்டி நகரும். நான் ஆபரேஷன் ஆன மறுநாளே விட்டேன், ஜன்னல் கண்ணாடி ஆடிப்போச்சு.” மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். என் அத்தை உயிரோடு இருந்த காலத்திலேயே, குளியலறையில் இருமுவதற்கு முன்னால் குழாயைத் திறந்து விடுகிறவர் மாமா. ஆகவே நான் இருப்பதுதான் இடைஞ்சல் என்று எனக்குத் தோன்றியது.

விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தேன். வெட்கத்தை விட்டு லாரிக்காரரின் காதருகே குனிந்தேன். “அண்ணே, நான் வெளிய உக்காந்திருக்கேன். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. ஏதாவது கேட்டா ஒரு குரல் கொடுங்க.”

“கவலையை விடும்மா. இன்ஜின் சத்தத்துலயே எந்த நட்டு லூசுன்னு சொல்றவன் நான்” என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து திருத்தினேன். நாம் உண்ணும் உணவு எவ்வாறு செரிக்கிறது, விளக்குக. இந்த வருஷம் பார்த்தா இந்தக் கேள்வியைக் கொடுத்திருக்க வேண்டும்? ‘சிறுகுடல் சின்னது, பெருங்குடல் பெரியது’ என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது. சிறுகுடல்தான் மூன்று நாலு மடங்கு நீளம், அகலத்தில்தான் சின்னது என்று தொண்டை வற்றக் கத்தியிருந்தேன். ‘கல்லீரலுக்குக் கோபம் வந்தால் பித்தம் வரும்’ என்று ஒருவன். நாக்கை இரைப்பைக்குள் வரைந்திருந்தாள் ஒருத்தி. இன்னொரு பெண் இரண்டே வரி எழுதியிருந்தாள்: ‘உணவை நாம் மென்று விழுங்குகிறோம். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.’ ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வரியா என்று எரிச்சலில் அரை மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

திரும்பிப் போனபோது லாரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “வெளிய ஒண்ணும் இல்லம்மா. ஆனா உள்ள ஓடுது. கொடகொடன்னு எனக்கே கேக்குது. திடீர்னு வரும், அப்படியே அடங்கிடும்.”

நான் மாமாவைப் பார்த்தேன். போர்வைக்குள் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் பின்னிப் போட்டிருந்தார். ஒரு கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. நெற்றியில் வேர்வை. கண் உத்தரத்தில் ஒரு புள்ளியில் நிலைகுத்தி நின்றது, உதடு உள்ளே மடிந்திருந்தது. வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். இந்த முகத்தை எனக்குத் தெரியும். கடைசி பீரியடில், மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வெளியே போகட்டுமா என்று கேட்கப் பயந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகம் இது. வருஷத்துக்கு இருபது தடவை பார்க்கிறேன். இதில் நான் ஏமாறமாட்டேன்.

நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டேன்.

“மாமா.”

“ம்.”

“வருதுல்ல?”

அவர் கட்டில் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“வருது. நீங்கதான் பிடிச்சு வெச்சிருக்கீங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க மாமா.”

அவர் லாரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். லாரிக்காரர் அவசரமாகக் கண்ணை மூடிக் குறட்டை விட்டார். அதில் மாமாவுக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒட்டு இன்னும் காயல டீச்சர்.”

“எது காயல?”

“டாக்டர் என்ன சொன்னாரு? நீயும்தானே நின்னுட்டிருந்த. ரெண்டு முனையையும் ஜாயின்ட் பண்ணியிருக்கோம், ஜாயின்ட் நல்லா பிடிக்கணும்னாரு. பச்சை ஜாயின்ட்ல எவனாவது லைனைத் திறப்பானா? வீட்டுக்காரன் தண்ணி தண்ணின்னு குதிப்பான். குதிச்சுட்டுப் போகட்டும், மறுநாள்தான் நான் வால்வைத் தொடுவேன். இத்தனை வருஷத்துல நான் போட்ட ஜாயின்ட் ஒண்ணுகூடப் பிரிஞ்சதில்ல. லைன் திறந்தா முதல்ல காத்துதான் வரும். தண்ணியாவது மெதுவா ஏறும், காத்து தூக்கி அடிச்சுடும்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“எப்பலேர்ந்து வருது?”

“முந்தாநாள்லேர்ந்து. முட்டிக்கிட்டு வரும். பல்லைக் கடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் இருந்தா வந்த வழியே போயிடும். நடந்தா அதிகமாகுது. அதனாலதான் அந்த நர்ஸம்மா நடக்கக் கூப்பிட்டா நாளைக்குன்னு சொல்லிடறேன்.”

சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. டாக்டர் அடைப்பு என்கிறார். நாத்தனார் அங்கே கண்ணீர் வடிக்கிறாள். மகன் கிரேன் உச்சியில் உட்கார்ந்து கலங்குகிறான். நான் நாலு நாளாக இந்த நொண்டி நாற்காலியில் தேய்கிறேன். அடைப்பு எங்கே என்று பார்த்தால், அது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வைராக்கியமாகப் படுத்திருக்கிறது.

“மாமா, அது பைப் இல்ல” என்றேன், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற குரலில். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டேன். “பைப்புக்கு உயிர் கிடையாது. தண்ணிய மோட்டார் தள்ளணும், இல்ல மேலேர்ந்து விழணும். குடல் அப்படி இல்ல. சுத்தி சதை. பின்னாடி சுருங்கும், முன்னாடி விரியும். தானே தள்ளும். நீங்க தலைகீழா நின்னு சாப்பிட்டாக்கூட சாப்பாடு வயித்துக்குத்தான் போகும்.”

“சரி, உயிர் இருக்கட்டும். ஒட்டு ஒட்டுதானே?”

“பசை போட்டு ஒட்டல. நூல் போட்டுத் தைச்சிருக்காங்க. காயறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, அது ஆறணும். இதோ, இந்தக் கட்டை விரலை ரம்பத்துல அறுத்துக்கிட்டு வந்தீங்களே, நாலு தையல் போட்டாங்களே. ஆறட்டும்னு தூக்கி அலமாரியில வெச்சீங்களா?”

அவர் விரலைப் பார்த்தார். நகத்துக்குக் கீழே வெள்ளையாக அந்தத் தழும்பு இருந்தது. “துணியைச் சுத்திட்டு மறுநாளே வேலைக்குப் போனேன்.”

“ஆறலையா?”

“ஆறிடுச்சு.”

“வேலை செஞ்சுக்கிட்டேதானே ஆறிச்சு? அதுவும் அப்படித்தான். ரத்தம் ஓடணும், அசையணும், அப்பத்தான் ஆறும். நீங்க காத்தைத் திருப்பித் திருப்பி உள்ள அனுப்பினா அது எங்க போகும்? நீங்க பயப்படற அந்த ஜாயின்ட்டுலதான் போய் முட்டும்.”

இது அவருக்கு உறைத்தது. புருவம் சுருங்கிற்று. தொழில் தெரிந்தவன் இன்னொருவன் வேலையைச் சோதிக்கிற பார்வை அது. நான் மடியிலிருந்த தாள்கட்டுக்குள் தேடி அந்த இரண்டு வரி விடைத்தாளை எடுத்துப் படித்துக் காட்டினேன். விழுங்கிய பிறகு நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

“யாரு எழுதினது?”

“ஏழாவது படிக்கிற பிள்ளை. முழுங்கற வரைக்கும்தான் மாமா நம்ம ராஜ்யம். அப்புறம் இரைப்பை அமிலத்தை ஊத்திப் பிசைஞ்சு கூழாக்குது. அதுல பித்தம் வந்து கொழுப்பைக் கரைக்குது. சிறுகுடல் இருபது அடி நீளத்துக்குத் தள்ளிக்கிட்டே போயி, வழியில சத்தையெல்லாம் உறிஞ்சி ரத்தத்துக்குக் கொடுத்துடுது. பெருங்குடல் மிச்சத் தண்ணியையும் விடாம எடுத்துக்குது. இவ்வளவும் நீங்க தூங்கும்போதும் நடக்குது. உங்களை ஒரு வார்த்தை கேக்காது. கேக்கறது கடைசில, வாசல்ல ஒரே ஒரு வால்வுதான். அதைத்தான் நீங்க பிடிச்சுக்கிட்டு உயிரை விடறீங்க.”

“அங்க வால்வா இருக்கு?”

“ரெண்டு இருக்கு. உள்ள ஒண்ணு, அது தானா திறக்கும். வெளிய ஒண்ணு, அது மட்டும் நம்ம பேச்சைக் கேக்கும்.”

“ரெண்டு வால்வு!” என்றார் மாமா. நோயை மறந்து ஒரு கணம் அவர் முகம் தெளிந்தது. “நல்ல வேலைதான்.”

ஆனால் பின்னிய காலைப் பிரிக்கவில்லை. இதற்கு மேல் என்னிடம் தெம்பு இல்லை. டாக்டரை விட்டே சொல்லச் சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. குறடு பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை, சில்லென்று இருந்தது.

“நீ சொல்றது சரியாவே இருக்கட்டும் டீச்சர். ஒருவேளை பிரிஞ்சுடுச்சுன்னா? திரும்பவும் அறுக்கணும். திரும்ப நீதானே வந்து உக்காரணும்.”

“உக்காருவேன். அதுக்கென்ன?”

“நீதானே சொன்ன, அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னு. இன்னொரு தடவைன்னா என்னால முடியாதுன்னு.” அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் போய் என்ன பழுது என்று கேட்டுக்கொண்டு வந்து சொல்வது போலச் சொன்னார். “நியாயம்தானே. உன் முகத்தைத்தான் பாக்கறேனே. சரி, நம்ம கையில இருக்கறது இது ஒண்ணு, இதையாவது கெட்டியா பிடிச்சுக்குவோம்னு இருந்தேன்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. வேர்த்துக்கொண்டு, வயிறு வெடிக்கிற மாதிரி உப்பி, இரண்டு நாளாக இந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது எனக்காக. நான் அலுத்துச் சலித்து எதையோ உளறி, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துபோன ஒரு வாக்கியத்துக்காக. இனி இவரிடம் எதையும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டு வழக்கம் போய்த் தொலையட்டும் என்று தோன்றியது.

“மாமா, நல்லாக் கேளுங்க. காலையில வரைக்கும் காத்து பிரியலேன்னா திரும்பவும் திறக்கப் போறாங்க. அடைச்சிருக்குன்னு நினைக்கிறாங்க. தியேட்டருக்கு எல்லாம் சொல்லியாச்சு. நீங்க பிடிச்சு வெச்சிருக்கீங்க பாருங்க, அதனாலதான் இன்னொரு தடவை.”

அவர் என் கையை விட்டுவிட்டார்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“பயந்துடுவீங்கன்னு…”

“பயந்துபோய்த்தானே டீச்சர் பிடிச்சுட்டுக் கிடக்கேன்” என்றார். போர்வைக்குள் கால்கள் மெதுவாகப் பிரிந்தன. “எழுப்பி விடு. நடக்கணும்.”

நர்ஸ் வந்து மூக்குக் குழாயின் பையைக் கழற்றி மூடி, சொட்டு மருந்துக் கம்பத்தை என் கையில் கொடுத்தார். நாலு நாளாகக் கெஞ்சியும் அசையாதவர் தானாக எழுந்ததில் அவருக்கு வாயடைத்துப்போயிற்று. எப்படியோ கேள்வி கேட்கவில்லை, அந்த மட்டும் நிம்மதி. லாரிக்காரர் குறட்டையை நிறுத்திவிட்டு, “துணைக்கு நானும் வரட்டுமா மேஸ்திரி?” என்றார். மாமா பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

தாழ்வாரத்தில் போனோம். மாமா ஒரு அடி வைப்பார், நிற்பார், இன்னொரு அடி வைப்பார். ஒரு கை என் தோளில் இருந்தது. பகல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. மருந்துக் கடை ஜன்னலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு முனைக்குப் போய்த் திரும்பி வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

“இப்ப வர மாட்டேங்குது” என்றார். “வேண்டாங்கும்போது வந்துச்சு.”

“நாம கூப்பிட்டா வராது மாமா. வரும்போது விட்டா போதும்.”

வாயால் சொன்னேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. ஒருவேளை நிஜமாகவே அடைத்துக்கொண்டிருந்தால்? இரண்டு நாள் அடக்கி அடக்கியே எதையாவது கெடுத்துக்கொண்டிருந்தால்? கம்பத்தின் சக்கரம் ஒன்று சுற்றாமல் இழுபட்டது. இன்னொரு சுற்று என்று அவரே சொன்னார். லாரிக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

தாழ்வாரத்தின் கடைசியில் கைகழுவுகிற தொட்டி இருந்தது. அதன் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அந்தச் சொட்டு என் மண்டையில்தான் விழுந்துகொண்டிருந்தது. மாமா அதன் முன்னால் நின்றார்.

“வாஷர் போயிருக்கு” என்றார். “இதைக்கூட மாத்தாம என்ன ஆஸ்பத்திரி நடத்தறாங்க?”

என் தோளிலிருந்து கையை எடுத்து, குழாயின் தலையைப் பிடித்து, முன்னால் சாய்ந்து, இறுக்கித் திருப்பினார். அப்போதுதான் அது வந்தது.

சின்னதாக ஆரம்பித்தது. நின்றது. பிறகு தயங்காமல், நீளமாக, அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. மருந்துக் கடை ஜன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கோடியில் மேஜைக்குப் பின்னாலிருந்து நர்ஸ் எழுந்து நின்றார். “அப்படிப் போடு மேஸ்திரி!” என்று லாரிக்காரர் கைதட்டப் போய், தையல் இழுத்து, “அம்மா” என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், கன்னமெல்லாம் நனைந்த பிறகுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

மாமா யாரையும் பார்க்கவில்லை. என் சமையலறைத் தொட்டிக்குக் கீழே அவர் வேலை செய்து பார்த்திருக்கிறேன். வால்வைத் திறந்துவிட்டு உடனே எழுந்துவிடமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த உள்ளங்கையை ஜாயின்ட்டின் மேல் வைத்தபடி காத்திருப்பார், ஈரம் தட்டுகிறதா என்று. இப்போதும் குழாயை விட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து, உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“கசியல” என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அவனுக்குப் போன் போடு டீச்சர். இன்னொரு தடவை கிடையாதுன்னு சொல்லிடு.”

போனை எடுத்து அழுத்தினேன். முதல் மணியிலேயே என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். “என்ன ஆச்சு? சொல்லு, என்ன ஆச்சு?” என்று அவர் கத்துகிறார், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் வார்த்தை வராது, அழுகைதான் வரும். மாமா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“நான்தான்டா பேசறேன்” என்றார். “எனக்கு ஒண்ணும் இல்ல. நீ சீக்கிரம் வந்து உக்காரு. டீச்சர் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.”